கேமரா அட்டவணையில் விடுபட்ட வரிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், முதன்முதலாக மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல்) கேமரா வாங்குகிறவர்களுக்காக ஒரு பக்கம் வந்திருந்தது. கேனான் ஆர்100, கேனான் ஆர்50 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போட்டிருந்தீர்கள். இரண்டும் 2023-இல் வந்தவை, இரண்டிலும் 24 மெகாபிக்சல், படம் பதியும் சென்சாரும் ஒரே அளவு, பெட்டியோடு வரும் 18-45 லென்ஸும் ஒன்றே, பேட்டரியும் ஒன்றே; ஆகவே புதிதாகப் பழகுகிறவர்களுக்கு விலை குறைந்த ஆர்100 போதும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பத்து நாள் முன்புவரை நானும் வீட்டில் இதே வசனத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

நான் கோவில்பட்டியில் 33 வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். 1981-இல் ஒரு யாஷிகா மேட் 124ஜி கேமராவோடு தொடங்கினேன். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனியின் ‘இந்து’ ஃபிலிம், ரோலுக்கு 12 படம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை கண்ணை மூடிவிட்டால் அந்தக் காசு போனது போனதுதான். 2009-இல் டிஜிட்டலுக்கு மாறினேன். கேனான் ஈஓஎஸ் 1000டி, 10 மெகாபிக்சல். அதில் எடுத்த படத்தை 12-க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டு எத்தனையோ வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். இன்றுவரை ஒருவரும் மெகாபிக்சல் பற்றாது என்று சொன்னதில்லை. 2014-இல் கடையை மூடினேன். அதன் கதை வேறு.

இப்போது என் பேத்தி கல்லூரியில் விஸ்காம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி ஒரு சின்ன ஆவணப்படம் எடுக்க வேண்டும், கல்லூரிக் கேமரா கைக்கு வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும், சொந்தமாக ஒன்று வேண்டும் என்றாள். அவள் அப்பா ஒரு தொகை சொன்னார். குறைந்தால் நான் போடுகிறேன் என்றேன். எந்தக் கேமரா என்பதில்தான் தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒத்துப்போகவில்லை.

என் கணக்கு இது. எங்களுக்குச் சொன்ன விலையில் இரண்டு கேமராவுக்கும் 18,000 ரூபாய் வித்தியாசம். (கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் இது மாறும்.) அந்த வித்தியாசத்தில் கிட்டத்தட்ட இந்தக் கேமராக்களுக்கான ஒரு ஆர்எஃப் 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸே வாங்கிவிடலாம். பெட்டியோடு வரும் 18-45 லென்ஸ் 130 கிராம்தான், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜூம் செய்து 45-க்குப் போனால் எஃப்/6.3-க்கு இறங்கிவிடும்; எஃப் எண் கூடக்கூட வெளிச்சம் குறையும். எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். தீப்பெட்டி ஆபீசில் ஓட்டுக்கூரைக்குக் கீழே, ஒரு டியூப்லைட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கும் பெண்ணின் முகத்தை எடுக்க எது உதவும்? கேமரா பாடியில் காசைப் போடாதே, லென்ஸில் போடு என்று என்னிடம் தொழில் கற்ற பையன்களுக்கெல்லாம் சொல்லி வந்தவன் நான். பேத்தியிடமும் அதையே சொன்னேன். அவள், “நேர்ல பார்த்துட்டுப் பேசலாம் தாத்தா” என்றாள்.

சரி என்று ஒரு செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் பஸ் ஏறினோம். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் என்னுடைய பழைய கேனான் 430ஈஎக்ஸ் டூ ஃப்ளாஷ். அதை ஏன் எடுத்துப் போனேன் என்று பின்னால் சொல்கிறேன்.

கடையில் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார்கள். ஆர்100, 356 கிராம். ஆர்50, 375 கிராம். கையில் எடுத்தால் வித்தியாசமே தெரியாது. இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் உண்டு. என்னைப் போன்றவர்களுக்கு அது இல்லாத கேமரா கேமராவே இல்லை. நான் ஆர்100-ஐ வாங்கிக் கண்ணில் வைத்து, எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரை எடுத்தேன். திருப்தியாக இருந்தது. பேத்தியிடம் கொடுத்தேன். அவள் வாங்கியதும் முதல் வேலையாக ஸ்க்ரீனில் விரலை வைத்துத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். கடைப் பையன் சிரித்துக்கொண்டே, “இதுல டச் கிடையாதும்மா” என்றான். அப்புறம் ஸ்க்ரீனின் ஓரத்தில் நகத்தை வைத்து வெளியே இழுத்துப் பார்த்தாள். அதுவும் அசையாது, பின்பக்கத்தோடு ஒட்டிவைத்தது.

முப்பது வருடம் நாங்கள் ஸ்க்ரீனே இல்லாமல் எடுக்கவில்லையா என்று கேட்டேன்.

“உங்க யாஷிகாவை வயித்துக்கிட்ட வச்சு, மேலேர்ந்து குனிஞ்சுதானே பார்ப்பீங்க?” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. உண்மைதானே. அந்த யாஷிகாவில் மேல் மூடியைத் திறந்தால் கண்ணாடித் தட்டில் படம் விழும், இடம் வலம் மாறி. கேமரா நம் இடுப்பு உயரத்தில் இருக்கும். மணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்துக்கு நேராக லென்ஸ் நிற்கும். பிள்ளைகளை எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னால் நம் முகம் மறையாது, அவர்களும் மிரள மாட்டார்கள். பிறகு கண்ணில் வைத்துப் பார்க்கும் கேமரா வந்ததும் எல்லாக் கல்யாண ஆல்பங்களிலும் மனிதர்களை மேலிருந்து கீழே பார்க்க ஆரம்பித்தோம். குனிய வேண்டிய இடத்தில் மண்டி போட்டோம். இப்போது என் முழங்காலுக்கு அது முடியாது. ஆர்50-இன் ஸ்க்ரீனைப் பக்கவாட்டில் திறந்து மேல்நோக்கித் திருப்பி, இடுப்புக்கு நேரே வைத்துக் குனிந்து பார்த்தேன். 1981-க்கே போய்விட்டேன். இடம் வலம்கூட மாறவில்லை.

திரும்புகிற ஸ்க்ரீன் என்றால் தன்னைத் தானே வீடியோ எடுத்துக்கொள்கிற பிள்ளைகளுக்கானது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உங்கள் கட்டுரையும் அப்படித்தான் அரை வரியில் சொல்லிக் கடந்துபோகிறது. தரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களை அவர்கள் கண் மட்டத்திலிருந்து எடுக்க விரும்புகிறவர்களுக்கு அதைவிட வேறு வசதி வேண்டியதில்லை.

அடுத்து வீடியோ. அட்டவணையில் ‘4கே’ (ஃபுல் எச்டியைவிட நுணுக்கமான வீடியோ) என்ற வரிசையில் இரண்டு கேமராவுக்கும் ஒரே மாதிரி டிக் போட்டிருந்தீர்கள். தப்பில்லை, இரண்டிலும் 4கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆர்50 சென்சாரின் முழு அகலத்தையும் பயன்படுத்தி, 6கே அளவுக்கு எடுத்து அதை 4கே ஆகச் சுருக்கித் தருகிறது, நொடிக்கு 30 ஃப்ரேம் வரை. ஆர்100 நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறது. 25 ஃப்ரேம்தான் உச்சம். வெட்டுவதால் பார்வை சுமார் ஒன்றரை மடங்கு குறுகிவிடும். கடையின் மூலையில் நின்று பேத்தி என்னை எடுத்துக் காட்டினாள். ஆர்50-இல் நான், எனக்குப் பின்னால் இருந்த அலமாரி, மின்விசிறி எல்லாம் இருந்தது. அதே லென்ஸைப் போட்டு அதே இடத்திலிருந்து ஆர்100-இல் எடுத்தால் என் தலையும் தோளும்தான். பத்துக்குப் பத்து அறையில் ஒரு அம்மாவைப் பேட்டி எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழு அறையும் தெரிய வேண்டுமென்றால் வாசலைத் தாண்டித் தெருவில் போய் நிற்க வேண்டும்.

அதைவிட மோசமானது ஃபோகஸ். கேனானில் ‘டூயல் பிக்சல்’ என்று ஒரு முறை இருக்கிறது. ஃபோகஸ் எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்று சென்சாரே கணக்குப் போட்டு நேராக அங்கே போய் நிற்கும். ஆர்100-இல் போட்டோவுக்கும் ஃபுல் எச்டி வீடியோவுக்கும் அது உண்டு. 4கே போட்டால் கிடையாது. முன்னே போய், பின்னே வந்து, தேடித் தேடித்தான் பிடிக்கும். நான் நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு அடி முன்னால் வந்தேன், அவ்வளவுதான். என் முகம் மங்கித் தெளிந்து மறுபடி மங்கியது. அட்டவணையின் டிக் குறிக்கு உள்ளே இதெல்லாம் ஒளிந்திருக்கிறது. ஆர்100-இல் ஃபுல் எச்டியில் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டால் தாராளமாக எடுக்கலாம், நன்றாகவே வருகிறது. அப்படியானால் 4கே டிக்கைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

இன்னும் இரண்டு உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்100 மனித முகத்தையும் கண்ணையும் மட்டும் கண்டுபிடிக்கும். ஆர்50 நாய், பூனை, பறவை, வண்டிகளையும் தொடரும். ஆர்50-ஐ டைப்-சி வழியாகவே சார்ஜ் ஏற்றலாம், அதற்கு ‘பிடி’ என்று போட்ட சார்ஜர் வேண்டும். ஆர்100-இலும் அதே டைப்-சி ஓட்டை இருக்கிறது, சார்ஜ் மட்டும் ஏறாது. பேட்டரியைக் கழற்றித் தனிச் சார்ஜரில் போட வேண்டும்.

இங்கேதான் என் மஞ்சப்பை வருகிறது. சரி, ஆர்50-தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று என் 430ஈஎக்ஸ் டூ ஃப்ளாஷை அதன் தலையில் மாட்டினேன். பட்டனை அழுத்தினேன். பளிச்சென்று ஒன்றும் நடக்கவில்லை. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். ம்ஹும். கடைப் பையன் பேட்டரி தீர்ந்திருக்கும் என்றான். ஆர்100-இல் மாட்டினேன், பளிச்!

விஷயம் என்னவென்றால், ஆர்50-இல் ஃப்ளாஷ் மாட்டும் இடம், அதாவது ஷூ, புது மாதிரி. முன்பக்கம் பொடிப்பொடியாகப் புதிய தொடர்புப் புள்ளிகள் இருக்கின்றன. காலங்காலமாக நடுவில் இருந்த பழைய புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். பழைய ஃப்ளாஷ் எரிய வேண்டுமென்றால் ஏடி-ஈ1 என்று ஒரு அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். விலை கூடிய கேமராவில் இல்லாத ஒன்று விலை குறைந்த கேமராவில் இருக்கிறது! அட்டவணையில் ‘ஹாட் ஷூ’ என்ற வரியில் இரண்டுக்கும் ‘உண்டு’ என்றே போட்டிருக்கிறது. அந்தக் கடையிலேயே யாருக்கும் இது தெரியவில்லை. வீட்டில் பழைய கேனான் ஃப்ளாஷ் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், முக்கியமாகச் சின்ன ஸ்டுடியோக்காரர்கள். இதைச் சொல்வதற்காகவாவது இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஐந்து நிமிடம் கோபமாக இருந்தேன். பேத்தி எனக்கு ஒரு காபி வாங்கித் தந்தாள். அவள் எடுக்கப்போவது வீடியோ, வீடியோவுக்கு ஃப்ளாஷ் எதற்கு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆர்50 வாங்கினோம். 50 எம்எம் வாங்கக் காசு மிச்சமில்லை.

பை, முக்காலி, கார்டு எல்லாம் இலவசம் என்று கொடுத்தார்கள். முக்காலியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. கார்டில் 4கே எடுத்தபோது பாதியில் ரெக்கார்டிங் நின்றது. வேகமாகப் பதியும், ‘வி30’ என்று போட்ட கார்டு தனியாக வாங்கினோம். பில் கேட்டபோது, இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் காதோரம் சொன்னார். கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2019-க்கு முன் 28 இருந்தது. மனசு தடுமாறத்தான் செய்யும். பில் இல்லாவிட்டால் வாரண்டிக்கு யார் வாசலில் போய் நிற்பது? பில்லோடுதான் வாங்கினோம்.

50 எம்எம் கதை இன்னும் முடியவில்லை. என் 1000டி-யோடு வாங்கிய பழைய இஎஃப் 50 எம்எம் எஃப்/1.8 டூ, அந்தப் பிளாஸ்டிக் லென்ஸ், பீரோவில் கிடந்தது. பழைய இஎஃப் லென்ஸை இந்த ஆர் கேமராவில் மாட்ட உதவும் அடாப்டரைத் தெரிந்த ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். போட்டதும் ஃபோகஸ் ஜம்மென்று ஆகிறது. ஒரே குறை, அதன் மோட்டார் ‘கிர்ர்’ என்று போடும் சத்தம் அப்படியே கேமரா மைக்கில் பதிகிறது. வீடியோவில் அந்த அம்மா பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு வண்டு. அதனால் அதைப் போட்டோவுக்கு மட்டும் வைத்திருக்கிறாள். கேனான் மிரர்லெஸ்ஸுக்கு வேறு கம்பெனி லென்ஸ் கிடைக்காது என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அது பழைய செய்தி. 2024 ஏப்ரலில் சிக்மாவும் டாம்ரானும் இந்த அளவு சென்சாருக்கு ஆர்எஃப் லென்ஸ் கொண்டுவருவதாக அறிவித்தார்கள்; சிக்மாவின் 18-50 எஃப்/2.8 இப்போது கிடைக்கிறது. பேத்தியின் அடுத்த ஆசை அதுதான். அவள் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

வாங்கிய மறு ஞாயிறு கழுகுமலைக்குப் போனோம். வெட்டுவான் கோயிலை விடிகாலையில் எடுத்தாள். ஒரே பாறையை மேலிருந்து குடைந்து இறக்கியது என்பதால் நின்ற இடத்திலேயே விமானம் நம் கண் மட்டத்துக்கு வருகிறது. அங்கே எந்தக் கேமராவும் நல்ல கேமராதான். சமணச் சிற்பங்களுக்கு வந்தபோதுதான் ஸ்க்ரீன் உதவியது. பாறையில் வரிசையாகச் செதுக்கியவை, சில உச்சியில். கேமராவைத் தலைக்கு மேலே நீட்டி, ஸ்க்ரீனைக் கீழே சாய்த்துப் பார்த்து எடுத்தாள். நான் இளவயதில் அங்கே எடுத்த படங்களில் எல்லாத் தீர்த்தங்கரர்களுக்கும் தாடைதான் பெரிதாக இருக்கும்.

ஆர்50-ஐயும் புகழ்ந்துகொண்டே போக மாட்டேன். பாடிக்குள் ஆட்டத்தைத் தாங்கும் ஏற்பாடு இரண்டிலுமே இல்லை. நடந்துகொண்டே எடுத்தால் நடப்பது தெரிகிறது. எங்கள் ஊர் செண்பகவல்லி அம்மன் கோயிலில் சத்தம் வரக்கூடாது என்று சைலண்ட் மோடில் போட்டு எடுத்தாள். எல்இடி விளக்குக்குக் கீழே எடுத்த படம் முழுக்கக் குறுக்கே கறுப்புப் பட்டை. சென்சாரை மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கும் நேரத்துக்குள் விளக்கு பலமுறை அணைந்து எரிகிறது, அதுதான் காரணம். அர்ச்சகர் முறைத்தாலும் பரவாயில்லை என்று சாதாரண ஷட்டருக்கு மாற்றினோம்.

ஆர்100-ஐ யாருமே வாங்கக் கூடாதா என்றால், நானே ஒருவரை வாங்கச் சொன்னேன். என்னிடம் வேலை பார்த்த தம்பி இப்போது எட்டயபுரம் பக்கம் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம், இவைதான் அவருக்குச் சோறு. கேமரா முக்காலியை விட்டு இறங்காது. ஆள் ஸ்டூலில் உட்காருவார், முகத்தையும் கண்ணையும் அதுவே பிடித்துக்கொள்ளும், அவரிடம் இருப்பதும் என்னுடையதைப் போன்ற பழைய கேனான் ஃப்ளாஷ். வீடியோ எடுப்பதில்லை. “அண்ணாச்சி, பேத்திக்கு மட்டும் பெரிசு, எனக்குச் சின்னதா?” என்று கிண்டல் செய்தார். மிச்சக் காசில் பின்னால் தொங்கவிடும் நீலத் துணியையும் ஒரு பிரிண்டரையும் மாற்றிவிட்டார்.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை இப்படி ஒப்பீடு வெளியிடும்போது, டிக் போட்ட வரிகளுக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: இந்த மாடலில் எதை எடுத்துவிட்டார்கள், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் எது இதில் வேலை செய்யாது. கட்டுரையாளர் இரண்டையும் கடையில் அரைமணி நேரம் கையில் வைத்திருந்தால் போதும், இரண்டு வரியும் நிரம்பிவிடும்.

தீப்பெட்டிப் படம் இன்னும் முடியவில்லை, எடிட்டிங்கில் இருக்கிறது. ஏடி-ஈ1 அடாப்டரை நான் வாங்கவில்லை. 430ஈஎக்ஸ் டூ திரும்பவும் பீரோவுக்குள் போய்விட்டது. செல் கசிந்து உள்ளே பச்சை பூத்துவிடக் கூடாது என்று நான்கையும் கழற்றி, ரப்பர் பேண்ட் போட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவர்,
கோவில்பட்டி